ஒரே பெயரின் பங்காளிகள்

விளையாட்டரங்கில் கூட்டம் கோல்கீப்பரின் பெயரைச் சொல்லிக் கத்தும்போதெல்லாம், நகரத்தின் மறுகோடியில் மாவு பிசைந்துகொண்டிருந்த பேக்கரிக்காரி தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தாள். அந்தக் கோல்கீப்பர் பெண்ணுக்கும் அவளுக்கும் உறவு கிடையாது. ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. இருவருக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான். மூன்றெழுத்துப் பெயர், கூவுவதற்கு வாகானது. அதே பெயரில் ஒரு பாடகி இருந்தார். வானொலி அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொன்னால் பேக்கரிக்காரியின் தொண்டையில் தேன் இறங்கும். ஒரு நீதிபதி அம்மாவும் இருந்தார். பெரிய இடத்து ஆள் யாருக்காவது அவர் தண்டனை விதித்தால், அன்று ஊரில் பாதிப்பேர் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள், பேக்கரிக்காரிக்குக் காது இரண்டும் சிவந்து எரியும். அவளும் லேசுப்பட்டவள் அல்ல. அவள் கை ரொட்டிக்காக மூன்று தெரு தாண்டி வந்து விடியுமுன்னே வரிசையில் நிற்பார்கள்.

அவளுடைய கணவன் விளையாட்டு அட்டவணையைக் கடைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தான். போட்டி நாட்களில் அவள் இடுப்பில் அரை மூட்டை மாவைக் கட்டிவிடுவான். பேக்கரிக்காரிக்கு இப்போதெல்லாம் கால் தரையில் பாவுவதில்லை என்று எதிர்வீட்டுத் தையல்காரி வயிற்றெரிச்சலில் சொல்லித் திரிந்தாள். மாமியார் அதை மறுக்கவில்லை. போட்டி முடிந்தால் பாவிவிடும் என்று மட்டும் சொன்னாள்.

இறுதிப்போட்டியன்றுதான் விபரீதம் நடந்தது. கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் பாய்ந்து பந்தைத் தடுக்க, அரங்கமே அந்தப் பெயரைச் சொல்லி அலற, பேக்கரிக்காரி மாவு மூட்டையோடு கூரைக்கே போய்விட்டாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த தட்டு அவள் கையிலிருந்து நழுவி, கீழே நின்ற மகளின் தோளில் பட்டது. மகள் கல்யாண வயதுப் பெண், கல்லாவைக் கவனித்துக்கொண்டிருந்தவள். தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்றுபோனது. அன்றே பேக்கரிக்காரி முடிவு செய்துவிட்டாள். பெயரும் வேண்டாம், பெருமையும் வேண்டாம். வேறு பெயர் வைத்துக்கொண்டு தரையில் நடப்பதென்று. கணவன் தடுக்கவில்லை. அவன் எப்படியும் அவளை ‘இந்தாம்மா’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பெயர் மாற்ற மனு அந்த நீதிபதியிடமே போனது. மனுவில் தன் பெயரையும் பேக்கரி விலாசத்தையும் பார்த்ததும் அவர் பேக்கரிக்காரியைத் தன் அறைக்கு வரச்சொல்லி, மற்றவர்களை வெளியே அனுப்பினார். மேசை நிறைய வழக்குக் கட்டுகள், ஆறிப்போன தேநீர், ஜன்னல் ஓரத்தில் வாடிய செடி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தினமும் விடிகாலையில் பல் தேய்க்கும்போது தன் நெஞ்சுக்குள் ஏதோ இதமாகப் பரவுவதையும், யாருடைய நன்றி வழிதவறித் தன்னிடம் வருகிறதென்று வருஷக்கணக்காக யோசித்ததையும் சொன்னார்.

“என் வேலையில யாரும் நன்றி சொல்றதில்லைம்மா,” என்றார். “ஜெயிச்சவங்க நியாயம் கிடைச்சதுன்னு போயிடுவாங்க. தோத்தவங்க சபிச்சுட்டுப் போவாங்க. உங்க கடை வாசல்ல ஜனங்க உங்க பேரைச் சொல்லி நல்லா இருன்னு சொல்றாங்களே, அதுல எனக்கும் கொஞ்சம் சேருது. அதை வெச்சுத்தான் நாள் முழுக்க அந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்.”

பிறகு பேனாவைத் திறந்தார். மகளுக்குக் காயம் பட்டிருக்கிறது, கேட்பது நியாயம், கையெழுத்துப் போடுவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். “அதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல சொல்லிடணும்னு தோணுச்சு. ரொம்ப நன்றிம்மா.”

காது எரிந்த நாட்களில் இந்த அம்மாளைப் பேக்கரிக்காரியும் மனசுக்குள் வைதிருக்கிறாள். தன்னிடமிருந்து ஏதாவது போய்ச் சேரும் என்று நினைத்ததே இல்லை. மகளைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தாள். மகள் தோளில் மருந்து போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டாள். “தட்டை இனிமே அப்பா எடுக்கட்டும்மா. நீ பாட்டுக்கு மிதந்துட்டுப் போ,” என்றாள். மறுநாள் மனு வாபஸானது.

சில வருஷம் கழித்து ஒருநாள் பேக்கரிக்காரியின் வலது முழங்கால் காரணமில்லாமல் வீங்கியது. மாலைச் செய்தியில் காரணம் தெரிந்தது. கோல்கீப்பரின் கால் முறிந்து, இனி அதை ஊன்றவே முடியாதென்று மருத்துவர்கள் கைவிரித்திருந்தார்கள். அரங்கம் சீக்கிரமே வேறொரு பெயருக்குப் பழகிக்கொண்டது. பேக்கரிக்காரியின் பாதங்கள் ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோல் தரையில் கிடந்தன. அந்தப் பெண் எப்படிப் படுத்துக்கிடப்பாள் என்று அவளுக்குச் சொல்லாமலே புரிந்தது. மறுநாள் காலை வரிசையில் நின்றவர்களிடம், ரொட்டி வாங்கும்போது தன் பெயரைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்படியும், அந்தப் பெண்ணை நினைத்துச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டாள். அவர்களும் கொட்டாவிக்கு நடுவே சொன்னார்கள். தையல்காரி இரண்டு தடவை சொன்னாள். நீதிபதி முக்காடு போட்டுக்கொண்டு வந்து, சொந்தப் பெயரையே சொல்வதால் சற்று வெட்கப்பட்டு, மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

நகரத்தின் அந்தக் கோடியில் கோல்கீப்பர் தினமும் விடிகாலையில் படுக்கையை விட்டு ஒரு விரற்கடை உயர ஆரம்பித்தாள். உடம்பு இலேசாக இருந்த அந்தச் சிறு பொழுதில், முழங்காலுக்குப் பாரமே தெரியாமல் அவளை நடக்கப் பழக்கினாள் அவளுடைய அக்கா. மழைக்காலம் போய் வெயில் வருமுன் அவள் ஊன்றுகோலோடு தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு முறை உயரும்போதும் மூக்கில் ரொட்டி மணத்தது என்று அக்காவிடம் சொல்லியிருந்தாள். இருவரும் கடை கடையாக விசாரித்து ஒரு காலையில் சரியான வரிசையின் கடைசியில் வந்து நின்றார்கள். கூட்டம் வழிவிட்டும் அவள் முந்தவில்லை. அவள் முறை வந்தபோது சொல்ல நினைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், பேக்கரிக்காரியின் மாவு படிந்த கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னை நடக்க வெச்சது நீங்களாமே,” என்றாள்.

“நான் மட்டும் இல்லம்மா, இவங்க எல்லாரும்தான்,” என்று வரிசையைக் காட்டினாள் பேக்கரிக்காரி. “நீ என்னை எத்தனை தடவை தூக்கிவிட்டிருக்கே.”

அடுத்த பருவத்தில் கோல்கீப்பர் மறுபடி ஆடினாள். அந்த வருஷம் நகரத்தில் பிறந்த பெண் குழந்தைகளில் பாதிக்கு அந்த மூன்றெழுத்துப் பெயரையே வைத்தார்கள். மகப்பேறு மருத்துவமனையில் இப்போதும் போட்டி நாட்களில் செவிலியர்கள் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, தொட்டில்களுக்கு மேலே மெல்லிய வலை கட்டுகிறார்கள். குழந்தைகள் எழும்பி வலையில் முட்டிச் சிரித்துவிட்டு இறங்கியதும், பால் கொடுக்கச் சொல்லித் தாய்மார்களை எழுப்புகிறார்கள்.