சுழி வைத்த இடம்

1

கூட வேலை பார்க்கும் ஒருவர் தன் கைபேசியை என் காதில் வைத்தார். இந்தக் கதை அங்கேதான் என்னைப் பிடித்தது. செத்துப்போன அவர் மகன் முன்பு அனுப்பிய குரல்: "அப்பா, சாவிய ஜன்னல்ல வச்சிருக்கேன். சாப்ட்டுத் தூங்குங்க." பின்னால் ஜெனரேட்டர் உறுமுகிறது. அப்பனும் மகனும் அந்த ஜெனரேட்டர் அறையில்தான் ஷிப்ட் மாறி வேலை பார்த்தார்கள். அந்த மெஷின்தான் மகனின் உயிரை வாங்கியது. அதன் உறுமல் கேட்டாலே அம்மா காதைப் பொத்திக்கொண்டு எழுந்துபோய்விடுவாள். பிள்ளை அனுப்பிய அந்தக் குரலை அவள் இன்னும் கேட்கவில்லை.

'அந்த வீட்டில் ஒரே அமைதி' என்று தொடங்கிப் பார்த்தேன். பொய். அமைதி அந்த வீட்டில்...

2

ஒலிப்பொறியியல் படித்த மகளிடம் அப்பா சொன்னார்: "மெஷின மட்டும் எடுத்துடு பாப்பா. அவன விட்டுடு."

அவள் திரையில் ஒரு வட்டம் போட்டாள். "இந்த விளிம்புல அடிக்குரல்லேர்ந்து கீச்சுக்குரல் வரைக்கும் எல்லாச் சுருதியும் வரிசையா இருக்குப்பா. நான் சுழி, அதான் ஒரு பூஜ்யம், வைக்கிற எடத்துல இருக்கற சுருதி செத்துடும்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

[அந்தச் சொல்லை மாற்ற நினைத்தேன். அவள் சொன்னது அதுதான், இருக்கட்டும்.]

சுழியை வைத்தாள். உறுமல் நின்றது. குரல் காலித் தகரத்துக்குள்ளிருந்து வந்தது.

"யாரு இது?" என்றார் அப்பா.

"சுழி அக்கம்பக்கத்தையும் சேத்து அமுக்கிடுச்சு. அதுக்குப் பின்னாடியே துருவம்னு இன்னொரு புள்ளி வச்சா மத்ததத் தூக்கிப் பிடிச்சுக்கும்."

வட்டத்துக்குள் துருவத்தைச் சுழியை ஒட்டி நகர்த்தினாள். சுழி தோண்டிய பள்ளம் ஊசியளவாகச் சிறுத்தது. இப்போது ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு ரீங்காரம் இழுத்துக்கொண்டே போனது. குரல் இன்னும் அவனுடையதாக இல்லை.

"இன்னும் நெருக்கு."

"விளிம்பத் தாண்டிச்சுன்னா ஊளையிட ஆரம்பிச்சுடும்பா."

"உங்கண்ணன் பாடினா அப்படித்தான இருக்கும்."

சிரித்துவிட்டார்கள். பிறகு இருவருக்குமே எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

3

மகளின் கணக்கைத் தப்பாக்கிவிடலாமா என்று யோசித்தேன். தப்பென்றால் திருத்திவிடலாம், கதையும் நல்லபடியாக முடியும். ஆனால் கணக்கு சரி.

அப்பாதான் மெதுவாகச் சொன்னார்: "அந்த ரூம்ல மெஷினுக்கு மேல கத்தினா தொண்ட கிழிஞ்சிடும். அது உறுமற சுருதியிலயே எங்க குரலும் போய் உக்காந்துக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்."

மகள் அளந்து பார்த்தாள். அண்ணன் குரலின் அடிச்சுருதியும் மெஷினும் விளிம்பில் ஒரே புள்ளியில் இருந்தன. துருவத்தை எவ்வளவு ஒட்டி வைத்தாலும், ஒரே இடத்தில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவரை மட்டும் சுழி அழிக்காது.

4

(முடிவு ஒன்று: அம்மா மெஷினோடு கேட்கிறாள். பாதியிலேயே நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

முடிவு இரண்டு: மெஷின் இல்லாமல் கேட்கிறாள். 'யாரு இது' என்று அவளும் கேட்டுவிடுவாள். அதை எழுத என் கை வரவில்லை.)

"சுத்தம் பண்ணியாச்சா? போடு பாப்பா, கேக்கறேன்," என்று அம்மா அறை வாசலில் வந்து நிற்கிறாள். ஈரக் கையை இன்னும் துடைக்கவில்லை. திரையில் இரண்டு பதிவுகள்: மெஷினோடு ஒன்று, மெஷின் இல்லாமல் ஒன்று. மகள் அப்பாவைப் பார்க்கிறாள், அப்பா என்னைப் பார்க்கிறார்.

என்னால் ஆகாது. படிக்கிற நீங்களே ஒன்றைப் போடுங்கள்.