லெஸ்டர் வரைந்த காக்கை

பென்குவின் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பறவை மேல் குற்றமில்லை. அது பூமியின் அந்தக் கோடியில் தன் பாட்டுக்கு இருக்கிறது. எங்கள் தீவுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துக்கென்று தெற்கே யாரிடமோ விலைக்கு வாங்கிய பாடப்பெட்டியைத் திறந்தால், முதல் அட்டையிலேயே அதுதான் பனிக்கட்டி வீட்டு வாசலில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. கீழே ‘டிலிங்கிட் மக்களின் வாழ்க்கை’ என்று எழுதியிருக்கிறது. அந்த டிலிங்கிட் மக்கள் நாங்கள்தான். எங்கள் ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை. பனிக்கட்டி வீட்டை நானே அந்த அட்டையில்தான் பார்த்தேன்.

அட்டையை எடுத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். புரூயிட் என்று பெயர். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரே சண்டையில் முடித்திருப்பேன்.

“எர்னஸ்டின், நீங்கதானே இங்க மொழி சொல்லித் தர்றீங்க? நீங்களே ஒரு பெட்டி செய்ங்க,” என்றார். “பள்ளி திறக்கறதுக்குள்ள ஊர் கூடி, ‘இது எங்களோடது, பிள்ளைங்களுக்குக் கொடுங்க’ன்னு உங்க முறைப்படி சொல்லட்டும். அன்னைக்கே இதைப் பரண்ல ஏத்திடறேன். ஊர் சொல்லலேன்னா, எனக்கு வேற வழியில்ல. இதை வெச்சுத்தான் நடத்தணும்.”

அந்தக் கோடை முழுக்க நான் தூங்கியதாக நினைவில்லை. எத்தனையோ வருஷமாகக் கிழவர் கிழவிகள் வாயிலிருந்து பிடித்து வைத்த ஒலிப்பதிவுகள், வளைகுடாவின் ஒவ்வொரு பாறைக்கும் எங்கள் மொழியில் உள்ள பெயர் போட்ட படம், பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க ஹாலிபட் மீன் பிடிக்கும் மரத்தூண்டில், பொத்தானை அமுக்கினால் என் குரலில் பாடம் சொல்லும் ஒரு சின்னக் கருவி. எல்லாவற்றையும், வீட்டில் சும்மா கிடந்த தேவதாருப் பெட்டி ஒன்றில் அடுக்கினேன். பெட்டியின் முகப்பில் எங்கள் காக்கைச் சின்னம் ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன்.

நாங்கள் காக்கைப் பக்கம்; எங்களுக்குப் பக்கம் தாய்வழியில் வருவது. ஊரில் மற்ற பாதி கழுகுப் பக்கம். எங்கள் சின்னத்தை நாங்களே வரைந்துகொள்ளக் கூடாது. எதிர்ப்பக்கத்தைக் கேட்டு, அவர்கள் கையால்தான் வரைய வேண்டும். வீடு கட்டுவது, சாவுக்குக் குழி வெட்டுவது, நாங்கள் சபையில் பேசினால் எழுந்து பதில் சொல்வது எல்லாம் அவர்கள். அவர்களுக்கு அதையெல்லாம் செய்வது நாங்கள். இது எனக்குத் தெரியாதா? பிள்ளைகளுக்கு இதைத்தானே தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன்!

ஆனால் கழுகுப் பக்கத்தில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான். டெல்பர்ட். என் முன்னாள் கணவன். காக்கைப் பக்கத்துப் பெண்ணுக்குக் கழுகுப் பக்கத்தில்தான் சம்பந்தம் என்பதால், கட்டினவனும் அந்தப் பக்கம்தான், விட்டுப் பிரிந்தவனும் அந்தப் பக்கம்தான். அவனிடம் போய் நிற்பதற்குக் கடலில் குதிக்கலாம் என்றிருந்தது. ‘இது என்ன பெரிய விருந்தா, சடங்கா? பள்ளிக்கூடப் பெட்டிதானே’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, என் தம்பி லெஸ்டரைக் கூப்பிட்டேன்.

லெஸ்டர் படகு மெக்கானிக். படகுகளுக்குப் பெயர் எழுதுவான். அதே பெயிண்டில் அதே கையால் காக்கையையும் வரைந்தான்.

“என்னடா இது?”

“காக்கைக்கா.”

“முட்டை போட உட்கார்ந்த கோழி மாதிரி இருக்கேடா!”

“கொஞ்சம் தள்ளி நின்னு பாரு. பக்கவாட்டுல பாரு,” என்றான். தள்ளி நின்று பார்த்தேன். தூரத்தில் உட்கார்ந்த கோழியாகத் தெரிந்தது.

சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் கூட்டம். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வெளியே கொட்டுகிற மழையில் ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டுமாக அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நான் எழுந்து, என் தாய்வழியைச் சொல்லி, எங்கள் வீட்டின் பெயரைச் சொல்லி, எங்கள் மொழியிலேயே பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். முடித்துவிட்டு எதிர்ப்பக்கத்தைப் பார்த்து நின்றேன்.

ஒருத்தரும் எழவில்லை.

எதிர்ப்பக்கம் பதில் சொல்லாத பேச்சு எங்கள் ஊரில் பேச்சே இல்லை. அது அந்தரத்தில் தொங்கும். அவர்களோ கூரை ஒழுகுவதை இன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர்கள் மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல வேண்டியவன் டெல்பர்ட். அவர்கள் வீட்டுக்கு இப்போது அவன்தான் வாய். அவன் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

புரூயிட் மட்டும் கைதட்டினார். தான் ஒருத்தர்தான் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“முடிஞ்சுதா?”

“இன்னும் இல்ல.”

“எப்ப முடியும்?”

“அவங்கள்ல ஒருத்தர் எழுந்து பேசினா.”

“எழலேன்னா?”

“பென்குவின்தான்,” என்றேன்.

சமாளிக்க வேண்டுமே என்று, “முதல்ல சாப்பிடலாம்!” என்று அறிவித்தேன். சாப்பாடு என்றதும் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது. மீன் முட்டை, கருவாடு, வறுத்த ரொட்டி, கடல்நாய் எண்ணெய், எல்லாம் பறந்தது. அந்த நேரம் பார்த்து டெல்பர்ட்டின் தங்கை வைடா தட்டோடு பெட்டியருகே வந்தாள். ஊரில் எனக்கு ஈடாக வாயாடக்கூடிய ஒரே பெண்பிள்ளை அவள்தான். நானும் அவள் அண்ணனும் பிரிந்த பிறகும் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள், வம்புக்குத்தான்.

“அண்ணி, கோழி ரொம்ப அம்சமா இருக்கு. எத்தனை நாளைக்கு ஒரு முட்டை?”

“காக்கை அது,” என்றான் லெஸ்டர், ரொட்டியை மென்றபடி.

“அப்படியா தம்பி? யார் கை வேலை?”

“வைடா, சும்மா போ. இது பள்ளிக்கூடப் பெட்டி. அந்த முறையெல்லாம் இதுக்கு வேணாம்,” என்றேன்.

“வேணாமா? இதுல என்ன இருக்குன்னு பாப்போமே,” என்று கருவியின் பொத்தானை அமுக்கினாள். அவள் அதிர்ஷ்டமா என் கிரகமா தெரியவில்லை. கூடம் முழுக்க என் குரல் கணீரென்று கேட்டது:

“பிள்ளைகளே, நம்ம சின்னத்தை நாமே வரையலாமா? கூடாது! யாரைக் கேட்கணும்? எதிர்ப்பக்கத்தைக் கேட்கணும். கேட்காம செஞ்சா அது யாருக்கு அவமானம்? நமக்குத்தான் அவமானம்!”

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் பக்கமும்தான் சிரித்தது, துரோகிகள். கடல்நாய் எண்ணெய் புரையேறி ஒருத்தருக்கு முதுகில் தட்ட வேண்டியிருந்தது. வைடா இன்னொரு தரம் அமுக்கினாள். “டீச்சர் சொல்லிக் குடுக்கிறது எவ்வளவு நல்லா இருக்கு!” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“வேலையை எங்களுக்குக் குடுக்கல. பேச்சை மட்டும் நாங்க குடுக்கணுமா அண்ணி? அண்ணன் கோடை முழுக்கக் காத்துக்கிட்டிருந்தான். தூரிகையெல்லாம் கழுவி வெச்சிருந்தான் பைத்தியக்காரன்.”

எனக்குச் சுருக்கென்றது. அவமானத்தை நான் எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரறியப் பெட்டி செய்து, ஊரறிந்த கைக்காரனைத் தாண்டிப் போய் மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பக்கத்தில் அத்தனை பேரையும் இல்லாதவர்களாக ஆக்கியிருக்கிறேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கால் தானாக நடக்கும்.

கூடத்தின் நடுவைத் தாண்டி அவர்கள் பக்கம் போய் நின்றேன். சிரிப்பு அடங்கியது.

“டெல்பர்ட்,” என்றேன். அது சரியில்லை. சபையில் அப்படிக் கூப்பிடக் கூடாது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். “எங்க எதிர்ப்பக்கத்துப் பெரியவங்களே, என் அப்பாவைப் பெத்த பக்கமே. நான் உங்களைக் கேட்காம செஞ்சது தப்பு. எங்க காக்கையை உங்க கையால வரைஞ்சு தரணும்னு கேட்டுக்கறேன்.”

டெல்பர்ட் அவசரப்படவில்லை. எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியைச் சுற்றி வந்தான். குனிந்தான். விரலால் பெயிண்டைச் சுரண்டினான்.

“லெஸ்டர், இது படகுக்கு அடிக்கிற பெயிண்டா?”

“ஆமா மச்சான். தண்ணி பட்டாலும் போகாது.”

“போகாதா? அதான் கவலையா இருக்கு.” கூடம் மறுபடி சிரித்தது. “நாளைக்கு முழுக்க எனக்கு இந்தப் பெட்டி வேணும். நீயும் வரணும்.”

“நானுமா? வரையவா மச்சான்?”

“சுரண்ட.”

புரூயிட் பதறிப்போய், “பெட்டியை எடுத்துட்டுப் போறாங்களா? வேணாம்னுட்டாங்களா?” என்று கேட்டார். “வாயை மூடுங்க சார், ஒத்துக்கிட்டாங்க,” என்றேன். அவர் தன் ஃபோனில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தார்.

வேலையை ஒத்துக்கொண்டாகிவிட்டது. இனி டெல்பர்ட் என் பேச்சுக்குப் பதில் பேசலாம். நான் என் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தேன். எங்கள் வழக்கத்தில் யாரும் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளக் கூடாது. எதிர்ப்பக்கம்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். நல்ல பெட்டி, நல்ல மீன் முட்டை, நன்றி. குடித்தனம் நடத்திய காலத்தில் அவன் வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை விழுந்ததில்லை. நான் ராத்திரி உட்கார்ந்து ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அவன் வானிலை ரேடியோவைச் சத்தமாக வைப்பான். கடைசிச் சண்டைகூட அதில்தான் வந்தது. ‘நானா, உன் கேசட்டா?’ என்றான். ‘கேசட்’ என்றேன்.

டெல்பர்ட் தொப்பியை நாற்காலியில் வைத்தான்.

“இவங்க பேசுனதை நாங்க கேட்டோம்,” என்றான் எங்கள் மொழியில், மெதுவாக. “இந்தப் பெட்டிக்குள்ள என் அம்மா குரல் இருக்கு. அது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்னு நினைக்காதீங்க. அந்தக் குளிர்காலத்துல நாங்கெல்லாம் கடலுக்குப் போயிட்டோம். இவங்கதான் தினமும் போய் அம்மா பக்கத்துல உட்கார்ந்தாங்க. அம்மா இவங்களைத் திட்டுனாங்க, தூங்கிப் போனாங்க, பாதியில மறந்தாங்க. இவங்க எழுந்து வரல. ஒரு நாள் நான் ஒரு முட்டாள்தனமான கேள்வி கேட்டேன். இவங்க பதில் சொன்னாங்க. ரொம்பக் கோபப்பட்டேன். இவங்க சரியாத்தான் சொன்னாங்க. என்னைக் கேட்டிருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருக்கணும். பெட்டியைப் பிள்ளைங்க கிட்ட குடுங்க. கழுகுப் பக்கம் சொல்லுது.”

யாராவது இரண்டு வார்த்தை சொன்னால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்தே பழகிய வாய் என்னுடையது. ஆனால் எதிர்ப்பக்கம் மெச்சும்போது மறுத்துப் பேசக் கூடாது, சண்டை போடக் கூடாது, ‘இத்தனை வருஷம் இது எங்கே போச்சு, கழுதை’ என்று கேட்கவும் கூடாது. நன்றி மட்டும்தான் சொல்லலாம்.

“குனல்சீஷ்,” என்றேன். நன்றி என்று அர்த்தம். அதுவும் பாதிதான் வெளியே வந்தது.

வைடா பின்னாலிருந்து கத்தினாள். “அடியாத்தி, அண்ணி வாயடைச்சுப் போச்சே! சார், பதிவாச்சா? அதையும் பெட்டியில போடுங்க!”

போட்டுவிட்டார் அந்த நல்ல மனிதர். சபையில் எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் சொல்வது என்ற பாடத்துக்கு இப்போது அதுதான் ஒலிப்பதிவு. வருஷா வருஷம் பிள்ளைகள் போட்டுக் கேட்கிறார்கள். கடைசியில், அந்த ஒற்றை வார்த்தைக்குப் பிறகு, யாரோ நெடுநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பது கேட்கும். யார் டீச்சர் அது என்று ஒவ்வொரு வகுப்பும் தவறாமல் கேட்கிறது.

லெஸ்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.