பாவாயி போட்ட களம்

பிறத்தியாரிடம் கேட்டு நிற்பதைப் போல உலகத்தில் கசப்பான காரியம் வேறொன்றும் கிடையாது. சந்தேகமிருந்தால் தலைச்சோலை பாவாயியைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் கேட்டு நின்றவள் அவள்.

கேட்டது சோறோ காசோ இல்லை. காப்பிப் பழம் காயவைக்கக் களத்தில் கொஞ்சம் இடம். அவளுக்கும் அவள் கணவன் ஐயாக்கண்ணுவுக்கும் மலைச்சரிவில் நல்ல தோட்டம் இருந்தது. பலாவும் கமலா ஆரஞ்சும் நிழல் கொடுக்க, காப்பிச் செடிகள் கிளை தாழக் காய்த்தன. ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருந்தது வெறும் மண் களம். கேழ்வரகும் சாமையும் அடிக்க அது போதும். காப்பிப் பழத்தை அதில் கொட்டினால் மலைப்பனியில் ஈரம் ஏறி, மண் வாடை பிடித்து, அடியில் கிடப்பது பூஞ்சணம் பூத்துவிடும்.

ஊருக்குள் கல் பாவிய களம் ஒன்றே ஒன்றுதான். அது சித்தனுடையது. சித்தன் ஐயாக்கண்ணுவுக்குப் பங்காளி, வயதில் மூத்தவர், பாவாயிக்கு மாமா முறை. ஊரார் எல்லோரும் தங்கள் பழத்தை அவர் களத்தில்தான் காயவைத்தார்கள். யாருக்கு எப்போது இடம் என்பது அவர் வாயிலிருந்து வரவேண்டும். பாவாயியின் முறை எப்போதும் கடைசி. அது வருவதற்குள் பாதிப் பழம் கூடையிலேயே புழுங்கிப்போகும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில், கோயில் பொங்கலுக்குக் கூடியிருந்த ஊர்ச் சனங்களுக்கு நடுவில் பாவாயி வழக்கம்போலக் கேட்டாள்.

"ஏனுங்க மாமா, இந்தத் தடவை எங்களுக்குக் கொஞ்சம் வெள்ளன எடம் விடுவீங்களா?"

சித்தன் வெற்றிலையை மென்று முடித்துத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார். "இந்தத் தடவை எடமே இல்ல புள்ள. எம்பழமே எக்கச்சக்கம். நீ ஒண்ணு செய்யி. பழத்த மரத்தோட எனக்கு வுட்டுரு. பறிக்கறதும் நானு, காயவெக்கறதும் நானு. நீயி நிம்மதியா ஊட்ல இரு."

நாலு பேர் சிரித்தார்கள். ஐயாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான். பாவாயிக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. மரத்தோடு விடுவதென்றால் தோட்டம் பேருக்குத்தான் அவளுடையது என்றாகிவிடும். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷமும் விடச் சொல்வார். அதற்கடுத்த வருஷம் செடிக்கு எரு வைக்கலாமா என்று அவரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

"வேண்டாமுங்க மாமா. நாங்களே களம் போட்டுக்கறோம்" என்றாள்.

சொல்லிவிட்டாள். சொல்வதற்கு என்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது? வீடு வந்து சேர்வதற்குள்ளேயே, களத்தை யார் போடுவது என்ற கேள்வி முளைத்துவிட்டது.

சேலத்துக் கொத்தனார் ஒருவரைப் பார்த்து ஐயாக்கண்ணு பேசிவிட்டு வந்தான். தை மாதம்தான் மலையேற முடியும் என்று சொல்லிவிட்டாராம். தையில் பாதி அறுவடை முடிந்திருக்கும். கல்யாணம் முடிந்த பிறகு பந்தல் போட்டு என்ன பிரயோசனம்?

"அப்ப நாமளே போடலாமுங்க" என்றாள் பாவாயி.

"நாமளா? நமக்கு என்ன புள்ள தெரியும் கல்லு வேலையப் பத்தி?"

"மண்ணுல களம் போடறமில்ல? அதுலயே கல்ல வெச்சாக் கல்லுக் களம். இதுக்குப் போயி சேலத்துல இருந்து ஆளு வேணுமாக்கும்."

பின்னால் எத்தனையோ முறை இந்தப் பேச்சை நினைத்துப் பாவாயி தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அது தேவவாக்கு மாதிரிதான் இருந்தது.

கல் கிடைத்தது அதிர்ஷ்டம். ஏற்காடு கடைவீதியில் அப்துல் மஜீத் பாய் தன் மளிகைக் கடையை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். தரைக்கு மொசைக் போடப் போகிறாராம். பழைய தரையிலிருந்து பெயர்த்த கருங்கல் பலகைகள் கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. மிளகு கொடுக்கப் போன பாவாயி அவற்றைக் கண்டதும் மிளகை மறந்துவிட்டாள்.

"பாய், இந்தக் கல்லையெல்லாம் என்ன செய்யப் போறீங்க?"

"அதத்தாம்மா நானும் ரோசிச்சிட்டிருக்கேன். யாராச்சும் தூக்கிட்டுப் போனா அவங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அந்தப் புண்ணியம் எனக்கே இருக்கட்டும் பாய்."

காய்கறி இறக்கிவிட்டுச் சும்மா திரும்பும் ஜீப்பில் கற்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைச்சோலைக்கு வந்தன. ஜீப் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்கு ஒற்றையடிப் பாதை, அதுவும் இறக்கம். கல்லைக் கயிற்றில் கட்டி, நடுவில் ஒரு சவுக்குக் கழியைச் செருகி, முன்னால் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத் தோளில் தூக்கினார்கள். ஐயாக்கண்ணு பனைமரம், பாவாயி அவன் தோளுக்குக் கீழே. அவன் பின்னால் வந்தால் பாரமெல்லாம் அவள் பக்கம் சறுக்கியது. அவனை முன்னால் விட்டால் இறக்கத்தில் இருவருக்கும் தோள் சமமானது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் பாவாயியின் தோள்பட்டை பழுத்துப்போனது.

புரட்டாசி முழுக்க இதே பாடுதான். மண் களத்தை வெட்டி ஆழப்படுத்தி, செம்மண்ணைத் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். அதன்மேல் கல்லைப் பரப்பி, இடுக்குகளில் சிமெண்டுக் கலவையைப் பூசினார்கள். அவள் கை வெந்து தோலுரிந்தது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுநாளும் இறங்கினாள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் சண்டை வந்தால் உளியால் தட்டிச் சமாதானம் செய்துவைத்தாள்.

வேலை முடிந்த அன்று இருவரும் ஓரமாக நின்று பார்த்தார்கள். அப்படி ஒரு அழகு! விளிம்பெல்லாம் சற்றே உயர்ந்து, நடுப்பகுதி தாம்பாளம் போல லேசாகக் குழிந்து, கல்லெல்லாம் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று கிடந்தது. மலையில் களம் என்றால் அப்படித்தான் போடுவார்கள். கேழ்வரகு அடிக்கும்போது மணி சிதறி வெளியே ஓடாமல் நடுவுக்கே வரவேண்டுமல்லவா? கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் மலைக்காரன் கை அந்தக் குழிவைத்தான் போடும்.

"சேலத்துக்காரன் வந்திருந்தாக்கூட இப்படி வந்திருக்காது புள்ள" என்றான் ஐயாக்கண்ணு. பாவாயி சிரித்தாள். பெருமையில் அன்றைக்குச் சோறுகூட இறங்கவில்லை.

ஐப்பசி பிறந்தது, மழை பிடித்தது. சேர்வராயன் மலை மழை வந்தால் விருந்தாளி மாதிரி வராது, மாமியார் மாதிரி வந்து உட்கார்ந்துவிடும். மழை வெறித்ததும் பாவாயி பின்கதவைத் திறந்தாள். களத்தைக் காணோம். அங்கே ஒரு குளம் இருந்தது.

நடுவில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். ஒரு தவளைகூடக் குடிவந்துவிட்டது. மண் களமாயிருந்தால் தண்ணீரைக் குடித்திருக்கும். கல் குடிக்குமா? விளிம்பு உயர்ந்திருக்க, இடுக்கெல்லாம் சிமெண்டு அடைத்திருக்க, பாவம் தண்ணீர் எங்கே போகும்? சிமெண்டு விரிசல் விட்ட ஓரிரு இடங்களில் கசிந்து இறங்கி, அடியிலிருந்த செம்மண்ணைச் சேறாக்கி, நாலைந்து கல்லைக் கீழே இழுத்திருந்தது.

கெட்ட செய்திக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரமாகும்? சாயங்காலமே சித்தன் குடையோடு வந்து நின்றார்.

"நல்லாத்தான் இருக்குது பாவாயி. கெண்டைக் குஞ்சு ரெண்டு வாங்கி வுடு. காப்பி இல்லாட்டி மீனாச்சும் மிஞ்சும்." போகிறபோது திரும்பி, "பழம் செவக்க ஆரம்பிச்சிருச்சு. நாஞ் சொன்னத ரோசன பண்ணு" என்றார்.

அவர் போன பிறகு பாவாயி அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல் இல்லை, வாய்விட்டே அழுதாள். ஐயாக்கண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வுட்டுரலாம் புள்ள. நம்மால ஆனதச் செஞ்சோம். அவருக்கே குடுத்துரலாம்."

அழுகை சட்டென்று நின்றது. சித்தனின் கேலி கொடுக்காத வீறாப்பை இந்த ஆறுதல் கொடுத்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கடப்பாரை எங்கீங்க?"

"எதுக்கு?"

"கல்லப் பேக்கத்தான்."

"அத்தனையுமா?"

"அத்தனையுந்தான். இது ராகிக் களமுங்க. நமக்கு வேணுங்கறது காப்பிக் களம். கையி பழகுன சோலியச் செஞ்சிருச்சு, புத்தி பாத்துட்டுச் சும்மா இருந்திருச்சு."

ஐயாக்கண்ணுவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, நியாயமான சந்தேகம்தான். "சரிவாப் போட்டாப் பழமெல்லாம் உருண்டு காட்டுக்குள்ள போயிருமே?"

பாவாயி உலக்கை சாத்தியிருந்த பலகையை எடுத்து, ஒரு முனைக்கு அடியில் விறகுக் கட்டையை வைத்துச் சாய்த்தாள். செடியிலிருந்து ஒரு கை பழம் பறித்து வந்து அதன்மேல் பரப்பினாள். ஒன்றிரண்டு உருண்டன. மற்றவை ஒன்றையொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு அங்கேயே கிடந்தன. கேழ்வரகு ஓடும். காப்பிப் பழம் குண்டுப்பிள்ளை மாதிரி, இருந்த இடத்தை விட்டு அசைய யோசிக்கும்.

"உருளற ரெண்டுக்குக் கீழோரத்துல குத்துக்கல்லு வெச்சாப் போச்சு. கல்லுக்குக் கல்லு சந்து வுட்டாத் தண்ணி போயிரும், பழம் போவாது."

ஐயாக்கண்ணு பலகையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கடப்பாரையை எடுத்து வந்தான்.

தூறலுக்கும் தூறலுக்கும் நடுவில் எல்லாக் கல்லையும் பெயர்த்தார்கள். சேறான செம்மண்ணை வாரிக் கொட்டினார்கள். இந்தத் தடவை அடியில் உடைத்த சல்லி, அதன்மேல் ஓடையிலிருந்து தலைச்சுமையாய்க் கொண்டுவந்த மணல். வீட்டுப் பக்கம் மேடு, தோட்டத்துப் பக்கம் தாழ்வு. மட்டம் பார்க்க அவளிடம் கருவி எதுவும் இல்லை, குடம்தான் இருந்தது. ஒரு வரிசைக் கல் வைத்ததும் மேலிருந்து தண்ணீரை ஊற்றி, அது போகிற போக்கைக் குந்தி உட்கார்ந்து பார்ப்பாள். எங்கேயாவது தயங்கி நின்றால் அந்தக் கல்லை எடுத்து மறுபடி வைப்பாள். ஐயாக்கண்ணுவுக்குச் சில சமயம் எரிச்சல் வரும். "சொட்டுத் தண்ணிதான் புள்ள நிக்குது" என்பான். "சொட்டா இருக்கறப்பவே தொரத்திரோணும்" என்பாள். ஒரே கல்லை அப்படித் திரும்பத் திரும்ப எடுத்து வைத்து அவனை அழவிட்டாள்.

கார்த்திகையின் நடுவில் கடைசிக் கல் உட்கார்ந்தது. மலைச்சாமி சேர்வராயனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, செருப்பை வெளியே கழற்றிப்போட்டு இருவரும் களத்தில் ஏறினார்கள். பார்க்க முதல் களத்தின் அழகு இதற்கு இல்லை. ஒருபக்கம் சாய்ந்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற ஆளைப் போல இருந்தது. பாவாயி அழகைப் பற்றிப் பேசவே இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டாள்.

மார்கழியில் களம் முழுக்கப் பழம் சிவந்து கிடந்தது. காலையில் பரப்புவாள், பொழுதுக்கும் காலால் அளைந்து புரட்டுவாள், சாயங்காலம் மேட்டுப் பக்கம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவாள். பழம் ஒரே சீராகக் கறுத்து, கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கொடுக்க ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் பருவம் தப்பிய மழை வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் ஓயாமல் ஊற்றியது. பாவாயிக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. விடிந்ததும் கதவைத் திறக்கப் பயந்து கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திறந்தாள்.

மழைத் தண்ணீர் கல்மேல் விறுவிறுவென்று ஓடி, குத்துக்கல் சந்துகளின் வழியே தோட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கும் நிற்கவில்லை. ஒரு சொட்டுக்கூடத் தயங்கவில்லை. ஓடிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கிக் குவியலின் அடியில் கையை விட்டாள். உலர்ந்திருந்தது. "ஏனுங்க! ஏனுங்க! வந்து பாருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்மலையே எழுந்திருக்கும். மழையில் நனைந்துகொண்டு அந்தக் கல்மேல் குதித்தாள். நாற்பதைத் தொடுகிற வயதில் குதிக்கலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. ஐயாக்கண்ணுவும் வந்து பார்த்தான், அவனுக்குக் குதிக்க வரவில்லை, வாயெல்லாம் பல்லாக நின்றான்.

மத்தியானம் வெயில் வந்தது. அரை மணியில் கல் காய்ந்தது. அவள் பழத்தைப் பரப்பிக்கொண்டிருந்தபோது பாதையில் ஆள் வருவது தெரிந்தது. சித்தன். தலையில் கூடை, கூடையிலிருந்து தோளில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவருடைய களம் பழசு. பலா வேர் அடியில் புகுந்து நடுக்கல்லைத் தூக்கி, பக்கத்தில் பள்ளம் விழுந்திருந்தது. தண்ணீர் தேங்கி, குவித்திருந்த பழமெல்லாம் அடியிலிருந்து ஊறிவிட்டது. இன்றைக்கே வெயில் காட்டாவிட்டால் அத்தனையும் அழுகும்.

களத்தோரம் வந்து செருப்பைக் கழற்றினார். ஏறவில்லை. தொண்டையைக் கனைத்தார். இத்தனை வருஷமாக எப்படியெல்லாம் பதில் சொல்லலாம் என்று பாவாயி மனசுக்குள் சேர்த்துவைத்திருந்தது ஒரு மூட்டை இருக்கும். அதை அவிழ்க்க இதைவிட நல்ல நேரம் வராது. ஆனால் கூடையைப் பிடித்துக்கொண்டு, பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்ற நிற்பு அவளுக்குத் தெரிந்த நிற்பு. அப்படித்தானே அவளும் நின்றாள், வருஷா வருஷம்.

"பாவாயி, எனக்குக் கொஞ்சம்..."

"கேக்காதீங்க மாமா" என்றாள் பாவாயி அவசரமாக. "கொட்டுங்க."

அதற்காக அவளைப் பெரிய தர்மதேவதை என்று நினைத்துவிட வேண்டாம். தன் பழத்தை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. கீழ்ப்பக்கம்தான் கை காட்டினாள்.

சித்தன் ஏறி வந்து கூடையைக் கவிழ்த்தார். பழத்திலிருந்து வடிந்த தண்ணீர் கல்லில் கோடுபோட்டு ஓடி, சந்து வழியே மறைந்தது. அவர் குனிந்து அது போன வழியையே பார்த்தார். ஒரு கல்லை உள்ளங்காலால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லா வாட்டம் வெச்சிருக்குதே. தண்ணியே நிக்கல" என்றார். "எந்த ஊரு ஆளு வந்து போட்டது?"

அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். என்றாலும் கேட்டாரே, அந்தக் கேள்விக்காக இன்னொரு புரட்டாசி முழுக்கக் கல் சுமக்கலாம் போலிருந்தது பாவாயிக்கு. இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்து நின்றாள்.

"நாந்தானுங்க மாமா போட்டன்."