பச்சைக்கிளியும் சிவப்புக்கிளியும்

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்காக இருக்கும் காஞ்சனா, பழைய தீப்பெட்டிப் படங்களைச் சேர்ப்பவள். தன்னிடம் இரண்டாக இருப்பதை ஆன்லைனில் ஏலம் விடுவாள். போன மாதம் அவள் விற்ற பச்சைக்கிளிப் படத்தை எடுத்தவர் அதே ஊரில் சைனிக்புரியில் இருக்கும் அனந்தகிருஷ்ணன். படம் போய்ச் சேர்ந்த அன்றே போன் செய்தார்.

"மேடம், ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்கு. திருப்பி அனுப்பறேன், பணத்தைப் போட்டுடுங்க."

திரும்பி வந்ததோ வேறு படம். ஓரங்கள் கிழிந்திருந்தன. கிளியின் உடம்பு சிவப்பு, மூக்கு பச்சை.

"சார், இது நான் அனுப்பினதே இல்ல."

"இதேதான் வந்தது மேடம். சாமி சத்தியமா!"

வயிற்றெரிச்சலோடு பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அந்தக் கிளியை விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அச்சகத்தில் நிறம் மாறி விழுந்த படம் அது. சேகரிப்பவர்கள் பல வருடமாகத் தேடுவது. கிழிசலையும் மறைக்காமல் எழுதி ஏலத்தில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் பதினேழு பேர் கேட்டார்கள்.

அனந்தகிருஷ்ணன் மறுபடி கூப்பிட்டார்.

"மேடம், அது என்னோட படம்."

"நான் அனுப்பினதுன்னு சத்தியம் பண்ணீங்களே சார்?"



"சரி, ஏலத்துலயாவது கலந்துக்கலாமா?"

"ஹவ் சார், தாராளமா கலந்துக்குங்க. ஆனா ரிட்டர்ன் நக்கோ, திருப்பி அனுப்பக் கூடாது."

கடைசியில் அவர்தான் எடுத்தார். கூரியரை நம்பாமல் ஸ்கூட்டரில் நேரிலேயே வந்தார். காஞ்சனா டீ கொடுத்தாள். முழுசாகக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றார்.