கடைசிச் சுரம் இறங்கிய சோலைபாடி

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடமாகத் தொடங்கியது. ஒரு பறவையைத் தேர்ந்து அதன் தோற்றம், வாழிடம், காணக்கூடிய இடம் மூன்றையும் எழுதிவரும்படி மாலை வகுப்பு ஆசிரியர் சொன்னார். கண்டி, 1934. பகலில் துணிக்கடையில் நிற்கும் அமலதாஸ் ஆகிய நான் சோலைபாடியைத் தேர்ந்தேன்.

முதல் தொடக்கம்: "சோலைபாடி ஒரு கரிய பறவை." (வயிறு செம்மண் நிறம், முதுகின் அடியில் வெள்ளை. ஆகவே இது பொய்.)

இரண்டாம் தொடக்கம்: "தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகலே காட்டில், மூங்கில் புதரைக் கடந்து இடப்பக்கம்..."

இதையும் நிறுத்திவிட்டேன். காரணம் வருகிறது.

2

சோலைபாடி நிழலைவிட்டு வெளியே வராது. தேடுபவர் மாலையில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காட்டுப் பள்ளத்தில் ஒன்று இருந்தது. அந்த மாதம் பறவை பிடிக்கும் கூடும் பலாப்பால் பிசினுமாக ஓர் ஆள் காட்டோரம் திரிவதாகக் கேள்விப்பட்டேன்.

பிடித்துவிட்டானா? வகுப்புக்குப் போகும் வழியில் தினமும் காட்டுக்குள் நுழைந்து, அதைப்போலவே சீழ்க்கை அடிப்பேன். பதில் வரும். நிம்மதியாகப் போவேன். என் சீழ்க்கையில் கடைசிச் சுரம் மட்டும் எப்போதும் இறங்கிவிடும். (அதை விவரிக்க மூன்று வாக்கியங்கள் எழுதினேன். ஒன்றுகூடச் சீழ்க்கை அடிக்கவில்லை.)

3

ஒரு மாலை, பதில் நெருங்கி வந்தது. கூடவே சருகுகள் நொறுங்கின. பறவை அப்படி நடக்காது. நான் ஒரு கம்பை எடுத்தேன்.

புதரை விலக்கிக்கொண்டு, கையில் கல்லோடு வந்தவன் சுவக்கின். அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். வகுப்பில் எனக்கு முன் வாங்கில் உட்காருபவன்.

"கூட்டோட திரியிற ஆள் நீதானாடா?"

"நான் உன்னைன்னு நெனச்சேன். கல்லைக் கீழ போடு."

"நீ மொதல்ல கம்பைப் போடு."

போட்டோம்.

"ஒரு கிழமையா விசிலடிச்சுப் பாக்குறேன். பதில் வருது, குருவி இருக்குன்னு போயிருவேன். என்ன, பாவம், தடிமன் புடிச்ச குருவி. கடைசியில தொண்டை அடைக்குது."

"அது நான்."

"இப்பத் தெரியுது."

சிரிக்கத் தொடங்கி நிறுத்தினேன். எனக்குப் பதில் சொன்னது அவன். அவனுக்குப் பதில் சொன்னது நான். அப்படியானால் பறவை? அவனும் சிரிப்பை நிறுத்தியிருந்தான்.

4

முதல் முடிவு: பள்ளத்தில் பிசின் ஒட்டிய குச்சியும் நீண்ட வாலிறகும் கிடக்கின்றன. (எழுதியதும் கை ஓடவில்லை.)

இரண்டாம் முடிவு: கூட்டுக்காரன் மனம் திருந்தி... (நானே நம்பவில்லை.)

நடந்தது இதுதான். இருவரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். அந்தக் கிழமையின் ஏழு நாளில் அதுதான் முதல் தடவை. வெளிச்சம் மங்கியது. பள்ளத்துக்குள்ளிருந்து பாட்டு எழுந்தது. நீண்ட பாட்டு, நடுவில் செண்பகப் பறவையின் குரல்கூட வந்தது. சோலைபாடி கேட்டதையெல்லாம் திருப்பிப் பாடும். ஆகவே முடிவில் என் சீழ்க்கை வந்தது, கடைசிச் சுரம் இறங்கியபடியே.

சுவக்கின் சருகின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"பாரு, அதையும் கெடுத்துட்ட."

அன்று நாங்கள் வகுப்புக்குப் போகவில்லை.

5

ஆசிரியர் கேட்ட மூன்றில் இரண்டைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவதைத் தருவதாயில்லை. (மேலே "இடப்பக்கம்" என்றதும் சரியாக இருக்க வேண்டுமென்பதில்லை.) கூடு வைத்திருப்பவருக்கும் வாசிக்கத் தெரிந்திருக்கலாம்.

நீங்கள் வெறுங்கையோடு வருபவரானால், மாலையில் வாருங்கள். சீழ்க்கை அடிக்க வேண்டாம். ஏற்கெனவே இருவர் அடித்தது போதும். எங்காவது ஒரு பாட்டு கடைசிச் சுரம் இறங்கி முடிந்தால், நீங்கள் நிற்கும் இடமே இந்தக் கதையின் கடைசி வரி. அதை நீங்களும் எழுதிவிடாதீர்கள்.