என் வீட்டின் மேல் ஒரு புள்ளி

என் தங்கை புருஷனுக்கு உருப்படியாக ஒரு வேலை தெரியாது. ஊரெல்லாம் டப்பா ஒளித்து வைப்பான். அது இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். எண்களாகத் தன் இணையதள வரைபடத்தில் போடுவான். வேலைவெட்டி இல்லாதவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடி அலைவார்கள். புதையல் வேட்டையாம். டப்பாவைத் திறந்தால் ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும்தான் இருக்கும்.

அலைந்துவிட்டுப் போகட்டும். என் வீட்டு ஜன்னலில் ஏன் மூஞ்சியை வைக்க வேண்டும்? நான் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். குழந்தைகள் தூங்கும் அறையை முன்பின் தெரியாத தடியன்கள் எட்டிப் பார்த்தால் எந்தத் தாய் பொறுத்துக்கொள்வாள்? ஒவ்வொருத்தியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது நர்ஸம்மாவின் இரட்டைக் குழந்தைகள்தான். அவர்களும் போனால் காப்பகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

"டப்பா பூங்காவுலதான் இருக்கு அக்கா," என்றான், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "மரத்தடியில சிக்னல் கிடைக்காது. கண்டுபிடிச்சவங்க வெளிய வந்துதான் இடத்தைக் குறிக்கிறாங்க. பாதிப் பேரு முன்கேட்டுல, பாதிப் பேரு பின்கேட்டுல. எல்லாத்தையும் சேர்த்து நடுவுல புள்ளி விழுற மாதிரி செஞ்சிருக்கேன்."

பூங்கா என் வீட்டை இரண்டு பக்கமும் வளைத்துக்கொண்டு போகிறது. இரண்டு கேட்டுக்கும் நடுவில் என் தலைதான் இருக்கிறது.

"அப்ப அந்தப் புள்ளியைத் தூக்கி மரத்தடியில வைங்க தம்பி."

"நான் கை வெச்சா மேப்பு மேல நம்பிக்கை போயிடும். ஜனங்க குறிக்கிறதுதான் சரி. என் மேப்புலயே அந்த டப்பாவத்தான் அதிகம் பேரு தேடுறாங்க, தெரியுமா?"

"என் பொழப்பு நாறுது!"

"ஜன்னலுக்குத் திரை போடுங்க அக்கா," என்றான்.

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். ஜனங்கள் குறிப்பதுதான் சரியா? நானும் ஜனம்தானே! வீட்டில் கிடந்த பழைய போன்களையெல்லாம் தூசி தட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பெயரில் அவன் தளத்தில் சேர்ந்தேன். மறுநாள் அவன் வாசலிலேயே நின்று, டப்பா இங்கேதான் கிடைத்தது என்று ஒவ்வொரு போனாக அமுக்கினேன். அமுக்க அமுக்கப் புள்ளி என் கூரையை விட்டு நகர்ந்து, தெருவைத் தாண்டி, அவன் வீட்டைப் பார்த்து வந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வரட்டும், அவன் குளியலறை ஜன்னலில் எட்டிப் பார்க்கட்டும்!

தங்கை துடைப்பத்தோடு வெளியே வந்தாள். என் கையிலிருந்த போன்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"என் வீட்டுக்காரரை அசிங்கப்படுத்தவா வந்திருக்க? முதல்ல இடத்தைக் காலி பண்ணு."

"உன் புருஷன் என்னை நடுத்தெருவுல நிறுத்தினப்ப எங்கடி போயிருந்த?"

கேட்டைப் படாரென்று சாத்தினாள். பாதிப் போன்களில் இன்னும் அமுக்கவே இல்லை. புள்ளியும் பாதி வழியில் நின்றிருந்தது. என் வீட்டைவிட்டுப் போனால் போதும், எந்தப் பாழுங்கிணற்றில் விழுந்தால் எனக்கென்ன என்று நடையைக் கட்டினேன். அங்கே யார் வீடு இருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை.

அந்த வாரமே நர்ஸம்மா மதியத்தில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நைட் டியூட்டி முடிச்சு இப்பதான் கண்ணசந்தேன். முழிச்சுப் பார்த்தா படுக்கை பக்கத்து ஜன்னல்ல ரெண்டு பேரு நிக்கிறாங்க. போனைக் காட்டி, டப்பா இங்கதான் இருக்குன்னு சொல்றாங்க."

குழந்தைகள் தூங்கும் அறைக் கதவை மெல்லச் சாத்தினேன்.

"உங்க தங்கச்சி வீட்டுக்காரரைக் கேட்டேன். புள்ளியை நகர்த்தினது யாருன்னு காட்டினாரு."

"அந்தப் பாவிதான்மா முதல்ல..."

"எல்லாரும் போனப்பவும் நான் உங்களை நம்பித்தானே விட்டேன்?"

தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை அவளே தூக்கினாள். ஒன்றை நான் வாங்கப் போனேன், தோளைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு பக்கமும் ஒவ்வொன்றைச் சுமந்தபடி படியிறங்கிப் போனாள்.

ஆத்திரம் அடங்காமல் வாசலிலேயே நின்றேன். எவனாவது போனோடு வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்றிருந்தது. இருட்டும் வரை நின்றேன். ஒருத்தனும் வரவில்லை.