குறைந்துகொண்டே வந்த வசனம்

"அண்ணே, எழுதினதே நீங்கதான். எவனோ எழுதின மாதிரி முழிக்கிறீங்களே!" என்றார் இயக்குநர்.

படப்பிடிப்புத் தளமே சிரித்தது. வசனம் மறந்து நின்றவரும் சிரித்து வைத்தார். அந்தத் தொலைக்காட்சித் தொடரில் அப்பாவாக நடிப்பவர் அவர். எல்லோருக்கும் வசனம் எழுதுபவரும் அவரே. காலையில் தன் கையால் எழுதிய வரி, விளக்குகள் எரிந்ததும் துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது. அங்கே குரலையும் கூடவே பதிவு செய்வார்கள். மறந்தவருக்கு மறைவிலிருந்து எடுத்துக் கொடுக்க வழியில்லை.

அது சாதாரண மறதி அல்ல, இனிக் கூடிக்கொண்டேதான் போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவரையும் மகளையும் தவிர யாருக்கும் தெரியாது.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டு நடிப்பை விட்டு நின்னுடுங்கப்பா," என்றாள் மகள்.

"சொன்னா பாவம்னு பாப்பாங்கம்மா. அந்தப் பார்வை முன்னாடி எனக்கு நடிக்கத் தெரியாது."

மனைவி இறந்துபோன பிறகு, அவர் வரவை நாலு பேர் எதிர்பார்த்து நிற்கும் இடம் அந்தத் தளம் ஒன்றுதான்.

பேனா கையில் இருந்த தைரியத்தில் ஒரு காரியம் செய்தார். அப்பாவின் வசனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். புத்திமதியெல்லாம் தொடரில் வரும் மருமகன் வாய்க்குப் போயிற்று. சண்டையெல்லாம் தொடரின் மனைவி வாய்க்கு. அப்பாவுக்கு "பாக்கலாம்" மிஞ்சியது, பிறகு "சரி", கடைசியில் வெறும் "ம்".

மனைவியாக நடிப்பவளை வெளியே அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "கேமரா முன்னாடி புருஷன், டீ கிளாஸ் முன்னாடி அண்ணன். யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?" என்பாள் அவள். இப்போது வேறு கிண்டல். "என்னண்ணே, எல்லாத்தையும் என்னையே பேச விடுறீங்க? எந்த வீட்டுப் புருஷன் இப்படி வாயை மூடிட்டு உக்காந்திருக்கான்?"

"ஊர்ல இருக்கிற பொம்பளைங்க ஆசையைத்தான் எழுதறேன்."

அவள் சிரித்தாள். ஆனால் கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

குறையை மறைக்கப் படும் பாடு, பல சமயம் குறையைவிடப் பெரிய கேட்டைக் கொண்டுவந்துவிடுகிறது. ஒருநாள் இயக்குநர் அவரைத் தனியே அழைத்து, மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"சேனல்ல பேசினாங்கண்ணே. அப்பா கேரக்டர் சும்மா 'ம்' கொட்டிட்டு உக்காந்திருக்காம். அனுப்பிடலாம்ங்கிறாங்க. எழுதறதுக்கும் வேற ஆள் வர்றாரு. அந்த அப்பாவோட சாவை மட்டும் நீங்களே எழுதிடுங்க. உங்களை மாதிரி யாருக்கு வரும்?"

தன் குழியைத் தானே வெட்டியது அவருக்குப் புரிந்தது. அதில் ஒரு வரியாவது பேசிவிட்டுப் படுக்க வேண்டும் என்று தோன்றியது. நீண்ட நாளைக்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு முழு வசனம் எழுதினார்.

"நான் கோவத்துல சாப்பிடாம எந்திரிச்ச நாளெல்லாம் நீயும் சாப்பிடலை. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எந்திரிச்சேன். அதை மட்டும் மன்னிச்சுடு."

நிஜ மனைவியிடம் சொல்லாமல் போனது அது. படப்பிடிப்பு நாள் காலையில் மகள் அவரைப் பலமுறை சொல்ல வைத்தாள். கிளம்பும்முன் அவர் கண்ணை மூடி நின்றார். 'இது ஒண்ணை மட்டும் எங்கிட்ட விட்டு வை, சாமி.'

கட்டிலில் படுத்தார். தங்கச்சி அருகே அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்குகள் எரிந்தன.

"நான் கோவத்துல..." என்றார்.

அதற்குமேல் ஒன்றுமில்லை. மனசு வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. கேமராவுக்குப் பின்னால் யாரோ இருமலை அடக்கினார்கள்.

அவள் அவர் விரல்களை இறுக்கினாள்.

"பேசாதீங்க. நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியாதா? கோவத்துல நீங்க சாப்பிடாம எந்திரிச்ச நாளெல்லாம் நானும் சாப்பிடலை. அது தெரிஞ்சும் எந்திரிச்சீங்க. அதுக்குத்தானே இத்தனை தவிப்பு? விடுங்க. எப்பவோ மன்னிச்சாச்சு."

அவர் கண்ணிலிருந்து நீர் காதோரம் வழிந்தது. எழுதப்படாத நீர். இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்தவர் கண்களை மூடிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து முகப்பூச்சைத் துடைக்கும்போது கேட்டார்: "எப்பத் தெரியும் உனக்கு?"

"'ம்' எழுத ஆரம்பிச்சீங்களே, அப்பவே. அதுலேருந்து உங்க வசனத்தையும் சேர்த்துத்தான் பாடம் பண்றேன்."

"கேக்கலியே?"

"கேட்டா மறுநாள் வர மாட்டீங்க."

வாசலில் மகள் காரோடு காத்திருந்தாள். அவர் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, வழியனுப்ப வந்த தங்கச்சியிடம் வழக்கம்போலக் கேட்டார்: "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

மகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தங்கச்சி ஜன்னலில் கை வைத்துக் குனிந்தாள்.

"நீங்க வர வேண்டாம்ண்ணே. நான் வர்றேன். புது ஆளு எழுதறது வாய்லயே நுழைய மாட்டேங்குது. நான் சொல்லச் சொல்ல நீங்க கேட்டுத் திருத்தணும்."

"தப்பா சொன்னா திட்டுவேன்."

"திட்டுங்க. அண்ணன்தானே."

கார் நகர்ந்தது. அது திருப்பத்தில் மறையும்வரை அவள் கலைக்காத வேஷத்தோடு தெருவில் நின்றிருந்தாள்.